உப்புப் போதுமா

போட்டாச்சு டி.வி.யை. ஆறுல இருந்து ஏழரைக்குள்ள நல்ல நேரம்னு காலண்டரைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துச் சொன்ன மனுசனுக்கு, ஏழு மணிக்கு டி.வி.யில என்னத்தப் போடுதாவன்னு யோசிக்கத் தோணலையே. எனக்குத் தோணுச்சு. காலையில பல்லு விளக்கிட்டு இருக்கும்போதே சொன்னேன், ஏங்க, அந்தப் பெட்டிக்குப் போற வயரைப் பிடுங்கி விட்ருங்க, கேட்டா கேபிள் வரலைன்னு சொல்லிக்கிடலாம்னு. சரிளா சரிளான்னு தலையை ஆட்டுனாவ. அந்த ஆட்டத்தை நம்பி நான் கேசரி கிண்டப் போயிட்டேன். இருபத்தொம்பது வருசமா அந்தத் தலை ஆடுது, ஒரு தடவையாவது அதுல இருந்து ஒரு காரியம் நடந்திருக்கா? இப்போ பாருங்க, மாப்பிள்ளையோட அம்மா பகவதியம்மா, பஜ்ஜித் தட்டை மடியில வச்சுக்கிட்டு, ஏழு மணி ஆச்சே, நம்ம உச்சிமாகாளி போட்டிருப்பானே, கொஞ்சம் டி.வி.யைப் போடுங்களேன்னு சொன்ன உடனே, எங்க வீட்டுக்காரவுகளே எந்திரிச்சுப் போய் ரிமோட்டை எடுத்து அமுக்குதாவ. படம் பளிச்சுன்னு வருது. நான் கேசரிக் கரண்டியோட நிக்கேன். மாப்பிள்ளையோட அப்பா கொம்பையா அண்ணாச்சி, சோபாவுல நிமிந்து உக்காந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டாரு, சாமி வர்றதுக்கு முன்னால உக்காருவாவளே அந்த மாதிரி. உள்ரூமுல பச்சைச் சேலை கட்டி எம்மக சங்கரி உக்காந்திருக்கா. வந்ததும் ஒரு தடவை வந்து காப்பி கொடுத்திட்டுப் போயிட்டா. பொண்ணும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே ரெண்டு வருசமாப் பழக்கம், கயத்தாறு பக்கம் கரண்டு எடுக்குத காத்தாடி கம்பெனியில ஒண்ணா வேலை. திருமலைக்குமார் தங்கமான பையன், இன்னைக்கு அவனுக்கு டூட்டி, வரல. இன்னைக்கு நடக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பகவதியம்மா வாயால சரின்னு ஒரு வார்த்தை. அதை அரை மணி நேரத்துக்கு முன்னால வாங்கியிருந்தா என்ன? மாமரத்தைக் காட்டுதேன், மாடியைக் காட்டுதேன்னு ஊர்வலம் கூட்டிட்டுப் போனாவல்லா இவுக.

பாட்டு வருது. மலையைக் காட்டுதான், குதிரையைக் காட்டுதான், தீப்பந்தத்தைக் காட்டுதான். ஊசிமலை உச்சிமாகாளி. வெள்ளைக்காரன் கஜானா வண்டியை மறிச்சவன், நெல்லு மூட்டையை அவுத்து ஊருக்குக் கொட்டுனவன், கலெக்டர் தொப்பியை அரிவாள் நுனியில தூக்கிட்டுப் போனவன்னு எட்டு மாசமா இந்த நாடே இதைப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. பஸ்ஸுல அவன் படம், அப்பளக் கவருல அவன் மீசை. இதுல நடிக்கிற பயலுக்கு மீசை ஒட்டினதுன்னு நல்லாத் தெரியுது, அழுற காட்சியில ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. இருந்தாலும் பகவதியம்மா திரையைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிடுதாவ. அது அவுக ஊரு சாமி. சாமியேதான், பீடம் போட்டுக் கும்பிடுதாவ. அந்தச் சாமியைக் காட்டிக்கொடுத்தது யாரு வீடு? கல்லத்திகுளத்து முன்சீப் வீடு. அந்த முன்சீப்பு ஆவுடையப்பன் யாரு? இந்தா இப்போ ரிமோட்டை மடியில வச்சு, ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி உக்காந்திருக்காவளே, எங்க வீட்டுக்காரவுக சிவனணைஞ்ச பெருமாள், இவுகளோட பாட்டனுக்குப் பாட்டன். கல்லத்திகுளத்துல ஒருத்தரும் இவுக வீட்டுப் படி ஏறாததுனாலதான் இவுக தாத்தா காலத்துல டவுனுக்குக் குடி வந்தாவ. அரை மணி முந்தி கொம்பையா அண்ணாச்சி, பூர்வீகம் எதுன்னு இவுககிட்ட வாஞ்சையாக் கேட்டாரு. இவுக கண்ணைக் கூடச் சிமிட்டல. இதே பாளையங்கோட்டைதான் அண்ணாச்சின்னாவ. பொய் சொல்லுததுக்கும் ஒரு முகராசி வேணும்போல, அது இந்த வீட்டு ஆம்பளைகளுக்குப் பரம்பரையா இருக்கு.

எனக்கு எப்படித் தெரியும்னா, கல்யாணம் ஆகி மூணாவது நாளு. விருந்துக்கு வந்தவுகளுக்குச் சாப்பாடு முடிஞ்சு மோர் ஊத்தப் போனேன். எங்க அம்மை வீட்டுல மோர் இல்லாமப் பந்தி எந்திரிக்காது, நான் பாட்டுக்குச் செம்பைத் தூக்கிட்டுப் போனேன். மாமியார் பாய்ஞ்சு வந்து மணிக்கட்டைப் பிடிச்ச பிடியில புது வளையல் ரெண்டு உடைஞ்சு போச்சு. இந்த வீட்டுல விருந்தாளுக்கு மோர் ஊத்தக் கூடாது, நாம குடிக்கலாம், வந்தவுகளுக்குக் கொடுக்கக் கூடாதுன்னா. ஏன்னு கேட்டதுக்கு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போய் முணுமுணுன்னு சொல்லி முடிச்சா. எரிச்சலோடதான் சொன்னா, இதையும் நான்தான் சொல்லித் தொலைக்கணுமான்னு. உச்சிமாகாளி நாலு நாள் பட்டினியோட மலையில இருந்து இறங்கி, முன்சீப்பு நல்ல மனுசன்னு நம்பி வீட்டுக்கு வந்திருக்கான். முன்சீப்பு உக்கார வச்சு, செம்புல மோர் கொடுத்து, வெளியில கேக்குத மாதிரி உரக்கக் கேட்டிருக்கான், உப்புப் போதுமா தம்பின்னு. அதுதான் சைகை. வைக்கோல் படப்புக்குப் பின்னால போலீஸு. ஒரு தடவை கேட்டான், அவுகளுக்குக் கேக்கல. ரெண்டாம் தடவையும் உப்புப் போதுமான்னு கத்துனப்போ, உள்ள மோர் கடைஞ்சுக்கிட்டிருந்த பொண்டாட்டி வேலம்மைக்கு விளங்கிட்டு. உப்பைப் பத்தி எந்த ஆம்பளை ரெண்டு தடவை கேப்பான்? மத்துக் கயித்தோடவே ஓடி வந்து அவன் கையில இருந்த செம்பைத் தட்டிக் கவுத்து, ஓடுலே மக்கான்னு கத்தியிருக்கா. அவன் மாட்டுத்தொழு வரைக்கும் ஓடுனான், அங்க வச்சுச் சுட்டுட்டாவ. வேலம்மைக்குத் துப்பாக்கிக் கட்டையால தாடையில ஒரு இடி. அதுக்குப் பிறகு முப்பது வருசம் கஞ்சித் தண்ணிதான், சோறு மெல்ல முடியாது, பேச்சும் குழறிப் போச்சு. அந்தக் குழறின வாயால அவ சொன்னதுதான் சட்டம். இந்த வீட்டு மோரை இனி எவனும் நம்பிக் குடிக்க மாட்டான், ஊத்தாதீங்க. உப்புப் போதுமான்னு ஒருத்தரும் ஒருத்தரையும் கேக்காதீங்க. அஞ்சு தலைமுறையா இந்த வீட்டுக்கு வந்த மருமகளுக எல்லாம் அதைக் கட்டிக் காக்கோம். ஆம்பளைகளுக்கு என்ன, சாப்பிட்ட கையை உதறிட்டு வாசலுக்குப் போயிருவாவ. வந்தவுக மூஞ்சியைப் பாத்துத் தயிர் உறையலன்னு பொய் சொல்லுதது நாங்கதான்.

அந்தப் பொய்யை இன்னைக்கும் சொல்லியாச்சு. பகவதியம்மாவுக்குக் காப்பி ஆகாதாம், நெஞ்சு கரிக்குமாம், ஒரு டம்ளர் மோர் இருந்தாப் போதும்னாவ. உலகத்துல எத்தனை இருக்கு குடிக்க? எலுமிச்சம்பழச் சாறு தரட்டான்னேன், சளி பிடிக்கும்னாவ. கலர் சோடா வாங்கியாரச் சொல்லட்டான்னேன், சுகருன்னாவ. தயிர் இன்னைக்கு உறையலம்மா, பால் சரியில்லைன்னேன். சரி போகட்டும்னு விட்டாவளா? கை கழுவுதேன்னு அடுப்படிக்கு வந்தவுக, தண்ணி எடுக்கட்டான்னு ஃபிரிட்ஜைத் திறந்துட்டாவ. கெட்டித் தயிர் ஒரு சட்டி, வெள்ளை வெளேர்னு, இந்தா என்னைப் பாருன்னு உக்காந்திருக்கு. அவுக என்னைப் பாத்தாவ. நான் புகைக்கூண்டைப் பாத்தேன். கதவைச் சாத்திட்டுப் போயிட்டாவ. எச்சிக் கையால காக்கா ஓட்டாதவன்னுதான் நினைச்சிருப்பாவ. நினைச்சுட்டுப் போகட்டும். மக போயி வாழப்போற வீட்டுல கஞ்சப் பேரு வந்தாத் துடைச்சிரலாம். கொம்பையா அண்ணாச்சி சொன்ன இன்னொரு சங்கதியைத்தான் என்னால செரிக்க முடியல. விளம்பரம் ஓடும்போது சொன்னாரு, எங்க ஊரு கோயில் கொடைத் திருவிழாவை நீங்க வந்து பாக்கணும், மூணாம் நாள் மத்தியானம் பீடத்துக்கு முன்னால ஒரு பானை மோரை வச்சு, எங்க வீட்டு மூத்த மருமக இடது கையால தட்டிக் கவுப்பா, ஊரே நின்னு கல்லத்திகுளத்து முன்சீப்பு வீடு விளங்காமப் போகட்டும்னு மூணு தடவை சொல்லும்னு. முப்பது வருசமா இவதான் கவுக்காப்பான்னு பகவதியம்மாவைக் காட்டுனாரு. அவுக சிரிச்சுக்கிட்டு, எல்லாம் கூடி வந்தா இந்த வருசத்துல இருந்து ஒங்க மகதானேன்னாவ. இவுகளும் கூடச் சேந்து சிரிச்சாவ. சிரிக்காவ! எம்மக பானையைக் கவுக்கணும், ஊரு கூடி எம்மக பொறந்த வீடு விளங்காமப் போகட்டும்னு சொல்லணும், அவ ஒண்ணும் தெரியாம அங்க நிக்கணும். அவளுக்கு மோர் ஊத்தக் கூடாதுங்கிறது மட்டும்தான் தெரியும், ஏதோ சாமிக் குத்தம்னு நினைச்சுக்கிட்டிருக்கா.

சொல்லியிருக்கலாம். சொல்லாதது என் தப்புதான். மூணு வருசத்துக்கு முன்னால ஒரு சம்பந்தம் பேசி முடிச்சு, பத்திரிகை அடிக்கக் கொடுக்குத நேரத்துல, கல்லத்திகுளத்துக்காரன் ஒருத்தன் அந்த வீட்டுல போய் ஓதிட்டான். மறுநாளே தட்டைத் திருப்பி அனுப்பிட்டாவ. ஜாதகம் சரியில்லைன்னு சங்கரிகிட்டச் சொன்னோம். அவ நம்புனா, இல்ல நம்புன மாதிரி இருந்தா. ஆறு மாசம் சரியாச் சாப்பிடல பிள்ளை. அதுக்கப்புறம் இந்தக் குமாரைப் பாத்துத்தான் அவ மூஞ்சியில சிரிப்பே வந்துச்சு. அதுக்குள்ள இந்தப் பாழாப்போன நாடகம் வந்து சேந்துச்சு. ஆரம்பிச்ச முதல் வாரமே எனக்குக் கணக்குத் தெரிஞ்சு போச்சு, என்னைக்காவது ஒருநாள் இவன் மோரு குடிக்க வந்துதான ஆகணும். ராத்திரி படுத்தா மோர்ச் செம்புதான் கண்ணுக்குள்ள வருது. இவுக சொன்னாவ, நான் மெட்ராசு போய்ப் பேசிட்டு வாறேன், வாரிசுன்னு சொல்லி எங்க பேரைப் போடாதீங்கன்னு கேட்டுக்கிடுதேன்னு. நானும் போங்கன்னுதான் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு ஜம்முன்னு வந்தாவ. காரியம் முடிஞ்சது, பேரு வராது, கதை எழுதுத தம்பி வாக்குக் கொடுத்துட்டான், நல்ல பையன், நம்மூருப் பக்கம்தான், காப்பியெல்லாம் வாங்கிக் கொடுத்தான்னாவ. எனக்கு உசுரு வந்துச்சு. அன்னைக்கு ராவைக்குப் பாயசம் கூட வச்சேன். பேரைப் போடாம இருக்கதுக்கு அவன் என்னத்தக் கேட்டான், நீங்க என்னத்தக் கொடுத்தியன்னு நான் கேக்கல. கேக்கத் தோணவே இல்ல. பாயசத்துக்கு முந்திரி வறுக்கப் போயிட்டேன்.

விளம்பரம் முடிஞ்சுட்டு. சோப்புக்காரி குளிச்சு முடிச்சா, இனி இவன். வாறான், மலையில இருந்து இறங்குதான், காலுல முள்ளு. கொம்பையா அண்ணாச்சி, வேண்டாம்லே போகாதலேன்னு திரையைப் பாத்துச் சொல்லுதாரு. ஒரு வீட்டைக் காட்டுதான். தூணு தூணா, அரண்மனை கணக்கா. கல்லத்திகுளத்து வீடு ஓட்டுவீடு, மழை பேஞ்சா நாலு எடத்துல பாத்திரம் வைக்கணும். சரி, என்னமும் காட்டித் தொலை. முன்சீப்பு எங்க? முன்சீப்பு வெளியூரு போயிருக்காராம். வேலைக்காரன் சொல்லுதான், ஐயா வீட்டுல இல்ல, அம்மா மட்டும்தான் இருக்காவன்னு. நான் கரண்டியைக் கீழ வச்சேன். உள்ள இருந்து ஒருத்தி வாறா. கண்ணுல இழுத்து மை, உதட்டுல சாயம், கழுத்து நிறைய நகை, மோர் கடையப் போறவ இப்படியா சிங்காரிச்சுக்கிட்டு வருவா? கையில வெள்ளிச் செம்பு. உச்சிமாகாளி அம்மான்னு கையெடுத்துக் கும்பிடுதான். அவ ஒரு சிரிப்புச் சிரிக்கா. டொய்ங்னு ஒரு சத்தம், அவ கண்ணு. டொய்ங்னு ஒரு சத்தம், அவன் கண்ணு. மறுபடியும் அவ கண்ணு. ஜன்னலுக்கு வெளியில தொப்பியைக் காட்டுதான். அவன் செம்பை வாங்கிக் குடிக்கப் போறான். அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டே, உரக்க, நீட்டி முழக்கிக் கேக்கா, உப்புப் போதுமா தம்பி? மூணு தடவை திருப்பித் திருப்பிக் காட்டுதான், உப்புப் போதுமா தம்பி, உப்புப் போதுமா தம்பி, உப்புப் போதுமா தம்பி.

அந்த வார்த்தை புஸ்தகத்துல கிடையாது. கோர்ட்டுக் காயிதத்துல கிடையாது. இந்தா உக்காந்திருக்காவளே, பீடத்துல பானையைக் கவுக்கவுக, இவுகளுக்கே தெரியாது. அது இந்த வீட்டு அடுப்படிக்குள்ள, மாமியார் வாயில இருந்து மருமக காதுக்கு மட்டும் வந்த வார்த்தை. நான் ஒரே ஒருத்தர்கிட்டத்தான் சொல்லியிருக்கேன், கல்யாணமான புதுசுல, வளையல் உடைஞ்சதுக்கு இவுக காரணம் கேட்டப்போ. திரும்பி இவுக மூஞ்சியைப் பாத்தேன். ஆச்சரியம் இல்ல, கொஞ்சம் கூட இல்ல. நான் பாக்கேன்னு தெரிஞ்சதும் ஃபேனைப் பாக்காவ, அங்க என்னமோ குருவி கூடு கட்டியிருக்க மாதிரி. அப்போ வயரை மறந்து விடல. வேணும்னேதான் விட்டிருக்காவ. ரிமோட்டைத் தானே போய் எடுத்தாவளே, என்னைக்கு எத்தனை மணிக்கு என்ன வருதுன்னு அந்தக் கதை எழுதுத தம்பிகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுதான் இந்த நேரமே குறிச்சிருக்காவ. சம்பந்தி வீட்டுக்காரவுக நம்ம வீட்டு சோபாவுல உக்காந்து, நம்ம பஜ்ஜியைத் தின்னுக்கிட்டே பாக்கணும், முன்சீப்பு குத்தம் இல்ல, பொம்பளைதான்னு. நாளைப் பின்ன கல்லத்திகுளத்துக்காரன் எவனும் வந்து ஓதுனாலும், அட டி.வி.யிலேயே காட்டிட்டானேன்னு சொல்லிக்கிடலாம். மெட்ராசுல உக்காந்து, அந்தத் தம்பி வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடிச்சுக்கிட்டே, எங்க பாட்டன் பேரை விட்ருங்க, வேணும்னா அந்தம்மாவைப் போட்டுக்கிடுங்கன்னு சொல்லியிருக்காவ. அத்தோட உப்பையும் எடுத்துக் கொடுத்துட்டு வந்திருக்காவ. காட்டிக்கொடுத்திருக்காவ! நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, அதே வீடு, அதே புத்தி, அதே வார்த்தை. ஐயோ, எனக்குத் தலையைக் கொண்டுபோய் அம்மியில முட்டணும் போல இருக்கு.

சீ, பொம்பளையா இவன்னு பகவதியம்மா காறித் துப்பாத குறை. கும்பிட்ட கையைப் பாத்துக்கூட அவளுக்கு மனசு இறங்கலையே, இவ வயித்துல ஒரு புழு பூச்சி தங்கியிருக்குமான்னு கேக்காவ. தங்குச்சும்மா, ஏழு தங்குச்சு, அதுல ஒண்ணோட வழியில வந்ததுதான் உள்ள பச்சைச் சேலை கட்டி உக்காந்திருக்குன்னு நாக்கு நுனி வரைக்கும் வருது. கொம்பையா அண்ணாச்சி தலையைச் சொறியுதாரு. நாங்க முன்சீப்பைல்லா இத்தனை வருசமாத் திட்டிக்கிட்டிருக்கோம், பொண்டாட்டிக்காரி பண்ணுனதா, அப்போ இந்த வருசம் மாத்திச் சொல்லணும் போலயேங்காரு. இவுக உடனே, ஆமா அண்ணாச்சி, ஆராய்ச்சி பண்ணித்தான எடுக்கான், மாத்திரணும்னு சொல்லுதாவ. மாத்தணுமாம். இனி வருசா வருசம் ஊரு கூடி வேலம்மை விளங்காமப் போகட்டும்னு சொல்லும், எம்மக நடுவுல நின்னு பானையைக் கவுப்பா. பேசாம இரு செண்பகவடிவுன்னு எனக்கு நானே சொல்லுதேன். இன்னும் பத்து நிமிசம். நாடகம் முடியும், வெத்தலை பாக்கு மாத்துவாவ, சங்கரி கழுத்துல தாலி ஏறும். செத்துப்போனவளுக்கு என்ன, எலும்பு கூட இருக்காது. யாருக்கு வலிக்கப் போவுது? உசுரோட இருக்கவ எம்மக, இருபத்தெட்டு வயசு, இன்னொரு தடவை தட்டு திரும்புச்சுன்னா அவ தாங்க மாட்டா. பேசாம இரு. பல்லைக் கடிச்சேன். கடிச்ச உடனே தாடைதான் ஞாபகம் வருது. முப்பது வருசம் கடிக்க முடியாத தாடை. ஓடுலே மக்கான்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு முப்பது வருசக் கஞ்சி. அவளும் யோசிச்சிருந்தா பேசாம இருந்திருக்கலாம்லா? புருசன் இருக்கான், பிள்ளை இருக்கு, வாசல்ல போலீஸு நிக்கு, எவனோ ஒருத்தன்தான குடிக்கான், குடிச்சுட்டுப் போறான்னு மோரைக் கடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கலாம்லா? ஏளா, அந்தக் கேசரியை இன்னும் கொஞ்சம் வையின்னு இவுக சொல்லுதாவ, ஒண்ணுமே நடக்காத மாதிரி. அதுதான், அந்தக் குரல்தான். கேசரியை வையின்னுதான் சொன்னாவ, எனக்கு உப்புப் போதுமான்னு கேட்டுச்சு.

அவ பண்ணலன்னு சொல்லிட்டேன். என் குரலா அது? பகவதியம்மா திரும்பிப் பாத்தாவ. அவ பண்ணல, அவ புருசன்தான் பண்ணுனான், முன்சீப்பு ஆவுடையப்பன், எங்க வீட்டுக்காரவுகளோட பாட்டனுக்குப் பாட்டன், எங்க பூர்வீகம் பாளையங்கோட்டை இல்ல, கல்லத்திகுளம்னேன். ஏளான்னு இவுக எந்திரிச்சாவ. உக்காருங்கன்னேன். இருபத்தொம்பது வருசத்துல நான் சொல்லி இவுக உக்காந்தது அதுதான் முதல் தடவை. எல்லாத்தையும் சொன்னேன். உப்பை, வைக்கோல் படப்பை, தட்டிவிட்ட செம்பை, தாடையை, கஞ்சியை. மெட்ராசையும் சொன்னேன். பாயசம் வச்சதையும் சொன்னேன். என்னத்துக்கு ஒளிக்க? ஃபிரிட்ஜுல இருக்க தயிரைப் பாத்தியள்லா, கஞ்சத்தனத்துல இல்லம்மா, இந்த வீட்டுல வந்தவுகளுக்கு நாங்க மோர் ஊத்துததில்ல, அவ சொல்லிட்டுப் போயிருக்கான்னேன். நீங்க முப்பது வருசமாக் கவுக்கிய பாருங்க ஒரு பானை, அது எங்களைத் திட்டுததுக்கு வந்த சடங்கு இல்ல, அவ கவுத்ததைத்தான் நீங்க கவுக்கிய, ஆளை மறந்துட்டு கையை மட்டும் ஞாபகம் வச்சிருக்கியன்னேன். சங்கரி கதவுகிட்ட வந்து நிக்கா, கண்ணு ரெண்டும் குளமா இருக்கு, எதுக்கு அழுதான்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல. நான் கெடுத்தது அவ கல்யாணத்தை. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். டி.வி.யில அப்பள விளம்பரம் ஓடுது, மீசையை முறுக்கிக்கிட்டு அவன் அப்பளத்தை நொறுக்குதான். அணைச்சுத் தொலைங்களேன் யாராவதுன்னேன், இவுக அணைச்சாவ.

கொம்பையா அண்ணாச்சி எந்திரிச்சுட்டாரு. இவுக மூஞ்சியை ஒரு தடவை பாத்தாரு, அப்புறம் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிட்டாரு. அங்க இருந்து, பகவதி எந்திரி போவோம்னு சத்தம் மட்டும் வருது. பகவதியம்மா எந்திரிக்கல. மடியில இருந்த தட்டை எடுத்துக் கீழ வச்சாவ. தன்னோட இடது கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாவ, புதுசா மருதாணி வச்சவ பாக்க மாதிரி. பானையை இடது கையால கவுக்கணும்னு என் மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்தாவ, ஏன் இடது கைன்னு நான் கேக்காத ஆளில்ல, ஒருத்தருக்கும் தெரியல, ஏன் இடது கைன்னாவ. வலது கையில மத்துக் கயிறு இருந்துச்சும்மான்னேன். பகவதின்னு மறுபடியும் வாசல்ல இருந்து சத்தம். அவுக அந்தப் பக்கம் திரும்பாமலேயே என்கிட்டச் சொன்னாவ, எனக்கு இன்னும் நெஞ்சு கரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, அந்தத் தயிரைக் கொஞ்சம் கடைஞ்சு கொண்டாங்கன்னு.

நான் எப்படி அடுப்படிக்குப் போனேன், எப்படிக் கடைஞ்சேன்னு எனக்குத் தெரியாது. மோரு பாதி மேடையில சிந்திட்டு. பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டேன், உப்பைப் போட்டேன், போட்டேனா இல்லையான்னு சந்தேகம் வந்துச்சு, ருசி பாக்கவும் பயம். ஒரு டம்ளர் ஊத்திக் கொண்டு வந்தேன். வேலம்மை, மன்னிச்சுக்கோ, கேட்டு வாங்குதாவ, நான் என்ன செய்ய. பகவதியம்மா டம்ளரை வாங்கினாவ, இடது கையாலதான். வாயை வச்சுக் கடகடன்னு குடிச்சாவ, தொண்டை ஏறி இறங்குததை நாங்க மூணு பேரும் பாத்துக்கிட்டே நிக்கோம். இவுக மூலையில நிக்காவ, சங்கரி கதவுல. டம்ளரைக் கீழ வச்சு, முந்தானையால வாயைத் துடைச்சாவ. எந்த வீடா இருந்தாலும் இந்த நேரத்துல கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. எனக்கு வாய் வரல. இந்த வீட்டுல ஒருத்தருக்கும் அது வராது.

அவுகளாத்தான் சொன்னாவ. உப்புக் கம்மி, சம்மந்தி, வாசல்ல நிக்கவுகளுக்குக் கொண்டாரும்போது ஒரு கல்லு கூடப் போடுங்கன்னாவ. எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க அப்போ. அஞ்சு தலைமுறைக்கு அப்புறம் ஒரு டம்ளர் மோர் ஊத்துதேன், அதுலயும் ஒரு குறையான்னு. அதோடவே கண்ணுல தண்ணி கொட்டுது, சேலையால மூஞ்சியை மூடிக்கிட்டு அடுப்படிக்குத் திரும்புனேன். வாசல்ல கொம்பையா அண்ணாச்சி செருப்பைக் கழட்டுத சத்தம் கேக்கு.